கதவுக்குப் பதில் ஒரு ஃபிளெக்ஸ்

விருந்தாளி முன்னால் குறை சொல்லத் தெரியாத ஆட்கள் நாங்கள். அடுப்படியில் மாவு தீர்ந்து கிடந்தாலும் வந்தவரிடம் "இட்லியா, தோசையா?" என்றுதான் கேட்போம். "தொழில் எப்படிப் போகுது?" என்று கேட்டால், மெஷின் மூன்று நாளாக நின்று கிடந்தாலும் "சிறப்பாப் போகுது" என்போம். (வருமான வரிக்காரர் கேட்டால் மட்டும் பதில் மாறும்.) இதைப் பெருந்தன்மை என்று நான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெருந்தன்மையால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வர இருந்த இரண்டு வகுப்பறைகளை வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான். அது நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றும் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது என் பைக் தானாக வேகம் எடுக்கும்.

எங்கள் நகர் சிவகாசிக்கு வெளியே, ஆமத்தூர் போகிற பக்கம் இருக்கிறது. நான் அங்கே வீடு கட்டியபோது சுற்றிலும் வேலிக்கருவைதான். பத்தே வருஷத்தில் கல் நட்ட பிளாட்டெல்லாம் வீடாகிவிட்டது. பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், அச்சகத்து ஆட்கள், என்னைப் போலச் சொந்தமாக ஒரு ஆஃப்செட் மெஷினும் ஒரு ஃபிளெக்ஸ் மெஷினும் வைத்துக்கொண்டு முதலாளி என்று சொல்லிக்கொள்கிறவர்கள், எல்லாரும் குடிவந்தோம். ரோடு வந்தது, கோயில் வந்தது, புரோட்டாக் கடை மூன்று வந்தது. அரசுத் தொடக்கப்பள்ளி மட்டும், முன்னே அங்கிருந்த சின்னக் கிராமத்துக்காகக் கட்டிய அதே மூன்று அறையோடு நின்றது.

ஐந்து வகுப்பு, மூன்று அறை. நாலாம் வகுப்பு வராண்டாவில் நடக்கும். ஐந்தாம் வகுப்பு சத்துணவுக்கூடத்தை ஒட்டிய தாழ்வாரத்தில். பதினொரு மணிக்கு வராண்டாவுக்குள் வெயில் நுழையும். பிள்ளைகள் பையை இழுத்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்துகொண்டே இருப்பார்கள், பாடமும் அவர்களோடு நகரும். சாம்பார் கொதிக்கும் நேரத்தில் ஐந்தாம் வகுப்பு மொத்தமும் இருமும். கழிப்பறை ஒன்று உண்டு, அதற்குக் கதவு கிடையாது. ஒரு பிள்ளை உள்ளே போனால் இரண்டு பிள்ளைகள் வாசலில் காவல் நிற்கும்.

இதைப் பார்த்து எங்கள் நகரே கொதித்தது. (கொதித்த இடங்கள்: புரோட்டாக் கடை, வாட்ஸ்அப் குழு.) குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நான் செயலாளர். எல்லாரையும்விடச் சத்தமாகக் கொதித்தவனும் நான்தான். என் மகன் அப்போது மஞ்சள் பஸ் வாசலுக்கே வரும் தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சங்கக் கூட்டங்களில் அதை நான் சொன்னதில்லை.

தலைமையாசிரியை கனகவல்லி டீச்சர் அதிகம் பேசமாட்டார். இரண்டு வருஷமாக வெள்ளைத்தாளில் மனு எழுதி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். பதில் வந்தபாடில்லை.

"வெறும் வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுத்தா எவன் டீச்சர் பாப்பான்? எங்கிட்ட விடுங்க" என்றேன்.

விட்டார். அதுதான் அவர் செய்த ஒரே தப்பு. நான் அந்த மனுவை ஆர்ட் பேப்பரில், நான்கு கலரில், லேமினேஷன் போட்ட அட்டையோடு அடித்தேன். வராண்டாவில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் போட்டோ நடுப்பக்கத்தில். அடித்து முடித்ததும் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் அச்சகத்தில் நல்ல காரியத்துக்கு எதை அடித்தாலும் முதல் பிரதியின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது வழக்கம். மனுவுக்கும் தடவிவிட்டேன். விருதுநகர் அலுவலகத்தில் அதை வாங்கிய கிளார்க் மூலைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை என்ன செய்யுதாரு?" என்றார்.

ஆனால் மனு வேலை செய்தது. (இந்தக் கதையில் நான் செய்து உருப்பட்ட ஒரே காரியம் அதுதான்.) ஒரு வாரத்தில் டீச்சருக்குப் போன் வந்தது. இந்த வருஷம் இரண்டு வகுப்பறைக்கு அனுமதி இருக்கிறதாம். எங்கள் பள்ளிக்கும் இன்னொரு பள்ளிக்கும் போட்டியாம். திங்கட்கிழமை ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். எங்கே கஷ்டம் அதிகமோ அங்கே கட்டுவார்கள்.

டீச்சர் என்னையும் முத்துலட்சுமியையும் கூப்பிட்டுவிட்டார். முத்துலட்சுமி அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். விடியற்காலை கம்பெனி வேனில் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார். அவர் மகள் காவ்யா நாலாம் வகுப்பு, அதாவது வராண்டா.

"திங்கக்கிழமை எல்லாம் வழக்கம்போல இருக்கணும்" என்றார் டீச்சர். "நாலாம் வகுப்பு வராண்டால. அஞ்சாம் வகுப்பு அடுப்புப் பக்கத்துல. பதினோரு மணிக்குத்தான் வாராராம், நல்ல வெயிலா இருக்கும். புகையும் வரும். அவரு கண்ணு எரியணும். எரிஞ்சாத்தான் ரூம்பு வரும். முத்துலட்சுமி, நீங்க பெத்தவுக சார்பா பேசுங்க."

"பேசுதேன் டீச்சர். வேனை விட்டுட்டு நிக்கேன்" என்றார் முத்துலட்சுமி. தீபாவளி சீசன் நேரம். அந்த நேரத்தில் ஒரு நாள் வேனை விடுவது என்றால் போர்மேனிடம் ஒரு வாரத்துக்குப் பேச்சு வாங்க வேண்டும்.

"நான் என்ன செய்யணும் டீச்சர்?" என்றேன்.

"ஒண்ணும் செய்யாதீக சார்."

தெளிவான தமிழ். எனக்குப் புரியாத வார்த்தை அதில் ஒன்றுகூட இல்லை.

சனி ஞாயிறு டீச்சருக்கு விருதுநகரில் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மா ஒரு எட்டு பார்த்து வரலாம் என்று பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அதிகாரி உட்காருவதற்கு இருந்த நாற்காலிக்கு மூன்று கால்தான் உறுதி. நம் இடத்துக்கு ஒரு மனுஷன் வருகிறார், கீழே விழுந்தால் யாருக்கு அசிங்கம்? என் அச்சகத்திலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். அந்த நாற்காலிக்கு முன்னால் மேஜை பரிதாபமாக இருந்தது. அதற்கு ஒரு விரிப்பு. விரிப்பு போட்டதும் பின்னால் சுவர் பல்லைக் காட்டியது. சரி, சுவருக்கு மட்டும் ஒரு ஃபிளெக்ஸ் அடிப்போம் என்றேன். (குடிகாரர்கள் 'ஒரு ரவுண்டு மட்டும்' என்பார்களே, அதே குரல்தான்.)

மத்தியானத்துக்குள் சங்கத்து ஆட்கள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். நாங்கள் யாரும் குறையை மறைக்க நினைக்கவில்லை, சத்தியமாக. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டை ஒழுங்குபடுத்துவதுபோல, கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. வராண்டாவின் திறந்த மூன்று பக்கத்துக்கும் மேலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் ஃபிளெக்ஸ் கட்டினோம். சூரியக் குடும்பம் ஒரு பக்கம், விலங்குகள் ஒரு பக்கம், திருக்குறள் ஒரு பக்கம். வெயிலுக்கு இனி வழியே இல்லை. கல்யாண மண்டபத்திலிருந்து பெரிய பெடஸ்டல் ஃபேன் இரண்டு வந்தது. என் மகன் படிக்கும் பள்ளிக்கு டைரியும் ரேங்க் கார்டும் அடித்துக்கொடுப்பவன் நான். அந்தப் பழக்கத்தில் இருபது பெஞ்சு கேட்டேன், லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. பெஞ்சு முதுகில் அந்தப் பள்ளியின் பெயர் எழுதியிருந்தது. அதன்மேல் போன வருஷக் காலண்டரில் மிஞ்சிய படங்களை ஒட்டினோம். பூனைக்குட்டி, ரோஜாப்பூ, மலை, அருவி.

கதவில்லாத கழிப்பறை மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. 'கை கழுவும் முறைகள்' என்று ஆறு படம் போட்ட ஃபிளெக்ஸ் ஒன்றை வாசலை அடைத்துத் தொங்கவிட்டேன். தள்ளி நின்று பார்த்தேன். கண்ணில் நீர் கோத்தது, அம்புட்டு அழகு.

வீட்டுக்குப் போனதும் மனைவி செல்வி கேட்டாள். "ஏங்க, கஷ்டத்தைப் பாக்க வாரவருக்கு எதுக்குங்க இம்புட்டு ஜோடனை?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. மதிப்பாப் பேசுனாத்தான் மதிப்பாச் செய்வாக" என்றேன்.

பயிற்சிக்காக விருதுநகரிலேயே தங்கியிருந்த டீச்சர், திங்கட்கிழமை பஸ் தாமதமாகி வாசலில் கால் வைத்தபோது மணி பத்தே முக்கால். வராண்டாவைப் பார்த்தார். சூரியக் குடும்பத்தைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து, ஜில்லென்ற ஃபேன் காற்றில் முடி பறக்கச் சிரித்துக்கொண்டிருந்த நாலாம் வகுப்பைப் பார்த்தார். ஐந்தாம் வகுப்பும் அங்கேயே இன்னொரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. புகை ஆகாது என்று அடுப்பைக்கூடத் தள்ளி வைக்கச் சொல்லியிருந்தேன்.

"யாரு செஞ்சது?" என்றார்.

நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன். பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"அவுங்க, எல்லாத்தையும் அவுங்க..." என்றார் டீச்சர், அவிழ்க்கச் சொல்லி. அந்தக் குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. அதற்குள் தெருமுனையில் பத்தாயிரம் வாலா வெடிக்க ஆரம்பித்துவிட்டது. அதுவும் என் ஏற்பாடுதான். அதிகாரியின் ஜீப் புகைக்குள்ளிருந்து வெளியே வந்தது. டீச்சர் ஆசைப்பட்டபடியே அவர் கண் எரிந்தது, தப்பான காரணத்துக்காக.

மாலை போட்டோம். சால்வை போர்த்தினோம். அதிகாரி தங்கமான மனுஷன். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வியந்தார்.

"திறந்தவெளி வகுப்பறையா? ரொம்ப நல்ல யோசனை. காத்தோட்டமா இருக்கு. பெஞ்சுல படம் ஒட்டியிருக்கீங்களே, பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்." கழிப்பறைப் பக்கம் போய் ஃபிளெக்ஸைப் படித்தார். "சுகாதாரத்துக்கும் முக்கியத்துவம் கொடுத்திருக்கீங்க." பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். "கலர் பிரமாதமா வந்திருக்கே, யார் பிரிண்டிங்?"

அச்சகக்காரனிடம் இதைக் கேட்கக் கூடாது. கேட்டால் அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை, ஊர் உலகம் எல்லாம் மறந்துபோகும். "நம்மதுதான் சார்!" என்றேன். எனக்கு அப்போது தரையில் கால் இல்லை.

டீச்சர் முன்னால் வந்தார். "சார், இதெல்லாம் இன்னைக்கு ஒரு நாளைக்கு வச்சது. பெத்தவுக ஒருத்தர் பேசணும்" என்று முத்துலட்சுமியைக் காட்டினார்.

முத்துலட்சுமி நல்ல சேலை உடுத்தி, சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். "ஐயா, எம்மக நாலாப்பு. பதினோரு மணியானா வெயிலுக்குள்ளதான் உக்காந்திருக்கு. சாயங்காலம் தலைவலின்னு வந்து படுத்துருது. மளை வந்தா லீவு விட்டுருதாக..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் வெயில் இல்லை. அவர் மகள் ஒரு பூனைக்குட்டிப் பெஞ்சில் ஃபேனுக்கு நேரே உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். குழம்பிப்போனார் பாவம். கூட்டத்தில் பெரிய மனுஷன்போலத் தெரிந்த ஆள் நான்தான். (வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.) "நீங்க சங்கத்துச் செயலாளர்தானே? நீங்க சொல்லுங்க, எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

முத்துலட்சுமி என்னைப் பார்த்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. 'இது பூராவும் ஜோடனை சார், நாளைக்கு வந்து பாருங்க.' அம்புட்டுதான். வாயைத் திறந்தேன். அவர் கழுத்தில் நாங்கள் போட்ட மாலை, கையில் நான் கொடுத்த டீ, முகத்தில் என் பிரிண்டிங்கைப் பாராட்டிய சிரிப்பு. விருந்தாளி 'எப்படி இருக்கு' என்று கேட்கிறார்.

"எல்லாம் சிறப்பா இருக்கு சார்!" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. திருத்தியிருக்கலாம். இரண்டு நிமிஷம் அவர் அங்கேதான் நின்றார். நான் அவர் கையிலிருந்த காலி டீ டம்ளரை வாங்கிக்கொண்டேன். முத்துலட்சுமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் போய்விட்டார்.

ஜீப் போனபின் டீச்சர் பார்வையாளர் பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். 'பள்ளிச் சூழல் சிறப்பு. திறந்தவெளி வகுப்பறை முன்மாதிரி. உடனடிக் கட்டடத் தேவை இல்லை.' கீழே கையெழுத்து.

"திட்டுங்க டீச்சர்" என்றேன்.

"எதுக்கு சார்? நாங்க ரெண்டு வருஷமா எழுதுனது ஒருத்தருக்கும் புரியல. நீங்க ஒரு நாள்ல புரிய வச்சிட்டீக" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

சாயங்காலம் லோடு ஆட்டோ வந்தது. பெஞ்சுகளை ஏற்றும்போது ஒரு பெஞ்சிலிருந்து அருவி கிழிந்து உள்ளே இருந்த பெயர் தெரிந்தது. முத்துலட்சுமி மகளைக் கூட்டிப்போக நின்றுகொண்டிருந்தார்.

"பெஞ்சு இந்தப் பள்ளிக்கூடத்துதா? ஒங்க பையன் எங்கன படிக்கான் அண்ணாச்சி?" என்றார்.

"அங்கனதான்" என்றேன்.

"அதான்" என்றார். காவ்யா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வகுப்பறை இரண்டும் மற்றப் பள்ளிக்குப் போயின. எங்கள் வராண்டாவில் ஃபிளெக்ஸ் மட்டும் மிஞ்சியது. ஐப்பசி மழை அடித்தது. குடையைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்தேன். சூரியக் குடும்பம் நடுவில் கிழிந்து, சனிக்கிரகத்திலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, பிள்ளைகள் பையைத் தலைக்குமேல் பிடித்திருந்தார்கள். காவ்யா என்னைப் பார்த்து, "அண்ணாச்சி வந்திருக்காக டீச்சர்" என்று சிரித்தாள். முந்தின மாசம் ஃபேன் கொண்டுவந்த அண்ணாச்சி அல்லவா? இன்றைக்கும் ஏதாவது கொண்டுவந்திருப்பேன் என்று அவளுக்கு நினைப்பு. என் கையில் குடை மட்டும்தான் இருந்தது.

அதன்பிறகு நான் ஒழுங்காக நடந்துகொண்டேன். டீச்சர் எழுதிய வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு, மஞ்சள் தடவாமல், விருதுநகருக்கு நடையாய் நடந்தேன். போன இடத்திலெல்லாம் அந்தப் பதிவேட்டு நகலை எடுத்துக்காட்டி, "உங்க பள்ளிதான் முன்மாதிரியாச்சே சார்" என்றார்கள். "எழுதினது அவரு. சொன்னது நான். நான் சொன்னது பொய்" என்று ஒவ்வொரு மேஜையிலும் சொன்னேன். முதல் தடவை சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆறாம் மேஜையில் பழகிவிட்டது. அடுத்த ஜூனில், மகனுக்கு இளையவளான எங்கள் சின்ன மகளை அதே அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் செல்வி சேர்த்தாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். "நம்ம புள்ளையும் அங்கன இருந்தாத்தான் ஒங்களுக்கு வாய் திறக்கும்."

ஒருவழியாக இரண்டு அறையும் வந்தன. திறப்பு விழாவுக்கு வேறொரு அதிகாரி. டீச்சர் எனக்கு ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "கடைசி வரிசை சார். வாயில ஏதாச்சும் வச்சிக்கிடுங்க." கேசரி வைத்துக்கொண்டேன்.

அதிகாரி எழுந்து, "எப்படி இருக்கு? எல்லாருக்கும் சந்தோஷமா?" என்று கேட்டார். மொத்தக் கூட்டமும் திரும்பி என்னைத்தான் பார்த்தது. செல்வி என் கையை அழுத்திப் பிடித்தாள். முன்வரிசையில் முத்துலட்சுமி எழுந்தார்.

"ரூம்பு நல்லாருக்கு சார். கக்கூஸுக்கு இன்னும் கதவு இல்ல. அந்தா தொங்குதுல்ல, அது கதவு இல்ல சார். அண்ணாச்சி மாட்டுன படம்."

வெளுத்துப்போன ஆறு படங்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "யாரு அண்ணாச்சி?" என்றார் அதிகாரி. கேசரியை விழுங்கிவிட்டுக் கையைத் தூக்கினேன்.

பத்தே நாளில் கதவு வந்தது. கழற்றிய ஃபிளெக்ஸை முத்துலட்சுமி சுருட்டி என் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். செல்வி அதை வெட்டி, எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில் ஒட்டிவிட்டாள். இன்றும் அங்கேதான் இருக்கிறது. குழம்பில் உப்பு கூடிப்போய் நான் முகம் சுளித்தால், வீட்டில் மூன்று பேரும் ஒரே குரலில் "எல்லாம் சிறப்பா இருக்கு சார்!" என்பார்கள். விருந்தாளி யாராவது கை கழுவப் போய்விட்டு, "அதென்னங்க கதவுல?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. சின்ன மகள் பத்தாயிரம் வாலாவிலிருந்து தொடங்கி, பூனைக்குட்டிப் பெஞ்சு, கேசரி எல்லாவற்றையும் நடித்தே காட்டுவாள்.

அவள் சிரிப்பு வருகிற இடத்தோடு நிறுத்திக்கொள்வாள். மிச்சத்தை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அறைகளைத் திறந்தபோது காவ்யா ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். நாலாம் வகுப்பை வெயிலிலும் ஐந்தாம் வகுப்பைப் புகையிலும் படித்து முடித்துவிட்டு, அந்த அறைக்குள் ஒரு நாள்கூட உட்காராமல் போனாள்.